குழிக்குள் இறங்கிய பச்சைக் குடம்

பழைய பானை ஓடுகளை நனைத்தால் ஒரு வாசனை வரும். முதல் மழையின் மண் வாசனையோடு கொஞ்சம் கருவாட்டு வாடையும் சேர்ந்தது... காலேஜ் முடித்த வருஷம், பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் ஒரு தீவு ஊரில் அகழாய்வுக்கு வாலன்டியராகப் போனேன். அந்த வாசனை இன்னும் என் விரலை விட்டுப் போகவில்லை.

புதையல் கிடைக்கும் என்று நினைத்துப் போனவள் நான். சிரிக்காதீர்கள். கிடைத்தது முட்டி வலிதான்.

வெயில் ஏறுவதற்குள் குழியில் இறங்கி, குத்துக்காலிட்டு, பிரஷ்ஷால் மண்ணைக் கூட்டி, சல்லடையில் சலித்து... சாயங்காலம் பழைய டூத் பிரஷ்ஷை வைத்துப் பானை ஓடுகளைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மறுநாளும் அதேதான். பள்ளிக்கூடத் தரையில் பாயை விரித்துக் கண்ணை மூடினால் அங்கேயும் சல்லடை ஆடும்.

என் குழியில் மண் சுமக்க வந்தவர் அந்த ஊர்க்காரரான பவானி அக்கா. ஏரித் தண்ணீர் உப்பு. குடிதண்ணீர் படகில்தான் வரும். படகுச் சத்தம் கேட்டால் போதும், மண் சட்டியை அப்படியே போட்டுவிட்டுத் தன் பச்சைப் பிளாஸ்டிக் குடத்தோடு ஓடுவார்.

ஒருநாள் அந்தக் குழியில் ஓர் உறைகிணறு தட்டுப்பட்டது. சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பழங்காலத்துக் கிணறு. தோண்டத் தோண்ட ஈரம்... கடைசியில் தண்ணீரே ஊறியது. அக்கா ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். உப்பில்லை.

அதன்பிறகு அக்கா படகுக்கு ஓடவில்லை. தெருவே அங்கே வந்து மொண்டது. எங்கள் தலைமை ஆய்வாளர், நாங்கள் சார் என்று கூப்பிடுகிறவர், பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

ஆனால் வேலை முடிந்தால் குழியை மூடியாக வேண்டும். அதுதான் முறை. திறந்து கிடந்தால் மழைக்குக் கிணறு சரிந்துவிடும், பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள் என்றார் சார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

"அந்தக் காலத்துல தண்ணிக்குத்தான சார் வெட்னாங்க? வுட்டுடுங்க. நாங்க சுத்தி வேலி கட்டிக்கிறோம்" என்றார் அக்கா.

சார் மேலே கேட்டுப் பார்த்தார். முடியாது என்று பதில் வந்தது.

மூடும்போது அடியில் இந்தக் காலத்துப் பொருள் ஒன்றை வைப்பார்கள். பின்னால் தோண்டுகிறவர்களுக்கு, இந்த ஆழம் வரை ஏற்கெனவே தோண்டியாகிவிட்டது என்று தெரிவதற்காக. சார் பாக்கெட்டில் ஒரு காசைத் தேடிக்கொண்டிருந்தார். அக்கா என்னிடம் குடத்தை நீட்டினார்.

"இத்த வையி பாப்பா. அப்பால தோண்டுறவங்களாவது மொண்டு குடிக்கட்டும்."

கயிறு கட்டி நான்தான் இறக்கினேன். அள்ளிய மண்ணை நாங்களே திரும்பக் கொட்டினோம். அக்காவும் கொட்டினார், அவருக்கு அதுவும் ஒரு நாள் கூலி. அப்படி ஓர் அசதி எனக்கு அதற்குமுன் வந்ததில்லை.

இப்போது பொன்னேரியில் ஏசி ஆபீஸ். முட்டி வலி போய்க் கழுத்து வலி வந்திருக்கிறது. தாகமெடுத்தால் கேன் குழாயைத் திருகினால் போதும்... திருகும்போதெல்லாம் அந்தப் பச்சைக் குடம் ஞாபகம் வரும்.

போன வாரம் அக்காவுக்கு போன் செய்தேன். நலம் விசாரித்து முடிக்கவில்லை, "இரு பாப்பா, படகு வந்துச்சி" என்று வைத்துவிட்டார்.