புள்ளைக்குக் குடு!

பூசான் பேஸ்பால் மைதானத்தின் வலது கேலரியில் உட்காருகிறவர்கள் மழைக்குப் பயப்படுவதில்லை. தோல்விக்கும் பயப்படுவதில்லை, அது பழகிப்போன விஷயம். அவர்கள் பயப்படுவதெல்லாம் புன்ரேயின் தொண்டைக்குத்தான்.

மா புன்ரே நூடுல்ஸ் கடைக்காரி. ஐஸ் மிதக்கிற சாற்றில் கோதுமை நூடுல்ஸைப் போட்டுக் கொடுப்பாள். மேட்ச் இருக்கிற நாளில் மாலை நான்கு மணிக்குக் கடை சாத்தியாகிவிடும். உள்ளே ஆள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, "மிச்சத்த நாளைக்கு வந்து சாப்பிடு தம்பி" என்று கிண்ணத்தைப் பிடுங்கிவிடுவாள். மறுநாளும் வந்து உட்காருகிறார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மட்டையில் பட்ட பந்து கோட்டுக்கு வெளியே பறந்து கூட்டத்தில் விழுந்தால், பிடித்தவர் வளர்ந்த ஆளாக இருந்தால், பக்கத்தில் இருக்கிற குழந்தைக்குக் கொடுத்துவிட வேண்டும். தயங்கினால் மைதானம் மொத்தமும் "புள்ளைக்குக் குடு! புள்ளைக்குக் குடு!" என்று கத்தும். கொடுக்கிறவரை ஓயாது. வெளியூர்க்காரன் பார்த்தால் கலவரம் என்று நினைப்பான். வலது கேலரியில் அந்தக் கத்தலை ஆரம்பித்து வைக்கும் உரிமை புன்ரேயுடையது. யாரும் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். மே மாதம் கோட்டும் டையும் போட்ட ஓர் ஆள் பந்தோடு ஓடிக் கழிப்பறைக்குள் தாழ் போட்டுக்கொண்டான். புன்ரே வாசலில் நின்று கத்திய கத்தலில், சம்பந்தமே இல்லாமல் உள்ளே உட்கார்ந்திருந்த மற்றவர்களும் பாதியில் எழுந்து வந்துவிட்டார்கள்.

இப்படிப்பட்டவளுக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. வெளியே சொன்னால் மானம் போய்விடும். அவளுக்கு ஒரு பந்து வேண்டும். ஏதோ ஒரு பந்து இல்லை, குக் சாங்மான் அடித்த பந்து.

சாங்மான் எங்கள் திமிங்கலங்கள் அணியில் இருபது வருஷமாக ஆடுகிறவன். மீசை அரும்பும் வயதில் வந்தான். இப்போது தொப்பை முன்னால் ஓடுகிறது, அவன் பின்னால் வருகிறான். இந்த சீசனோடு ஓய்வு என்று மார்ச்சிலேயே அறிவித்துவிட்டான். அன்று கடையில் சாறு உப்புக் கரித்தது. அவள் அழுதுகொண்டே வைத்ததுதான் காரணம் என்று அவள் புருஷன் ஜோங்கு எல்லோரிடமும் சொன்னான். ஜோங்குவுக்குப் பேஸ்பால் பற்றி ஒன்றும் தெரியாது. மனைவியோடு மைதானத்துக்கு வருவான், பொரித்த கோழியும் பீரும் தீர்ந்ததும் தூங்கிவிடுவான்.

அந்த மார்ச்சில் பயிற்சி மேட்சுகளில் திமிங்கலங்கள் எதிரே வந்தவர்களை எல்லாம் துவைத்து எடுத்தன. வருஷா வருஷம் நடக்கிற கூத்துதான்.

"இந்தத் தடவ கப்பு நமக்குத்தான்க்கா" என்றான் முன்வரிசையில் உட்காரும் மீன்காரன் தூஷிக்.

"போன வருஷமும் இதத்தானடா சொன்ன?"

"போன வருஷம் சும்மா சொன்னேன். இந்த வருஷம் நம்பிச் சொல்றேன்."

ஜூன் பிறந்தபோது கடைசி இடத்தில் கிடந்தோம். தூஷிக் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டான்.

சாங்மானுக்குப் பந்தை நேராக அடிக்கும் தெம்பு போய்விட்டது. மட்டையில் பட்டதெல்லாம் கோட்டுக்கு வெளியேதான் பறந்தது. மற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். புன்ரேக்கு மட்டும் உள்ளூரச் சந்தோஷம், கூட்டத்துக்குள் வருவது அந்தப் பந்துதானே! ஆனால் அவள் இருந்த பக்கம் ஒன்றுகூட வரவில்லை. ஜூலையில் ஒரு பந்து நேராக அவளைப் பார்த்து வந்தது. கையை நீட்டினாள். அது பக்கத்தில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த ஜோங்குவின் நெற்றியில் பட்டுத் துள்ளி, ஒரு கல்லூரி மாணவனின் மடியில் போய் விழுந்தது.

"யாருடா என்னை அடிச்சது?" என்று ஜோங்கு எழுந்தான்.

"சாங்மான்யா! சாங்மான் அடிச்ச பந்து! குடுத்து வச்ச நெத்திய்யா உனக்கு!"

அவ்வளவுதான், புருஷன் நெற்றியைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. மாணவன் பக்கம் திரும்பி "புள்ளைக்குக் குடு!" என்று ஆரம்பித்துவிட்டாள். ஜோங்குவும் வீங்கின நெற்றியோடு கூடச் சேர்ந்து கத்தினான். வேறு என்ன செய்வான், பாவம்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசி மேட்ச், சியோல்காரர்களோடு. ஜெயித்தாலும் தோற்றாலும் கடைசி இடம் எங்களுடையதுதான். ஆனாலும் சாங்மானை வழியனுப்ப ஊரே திரண்டிருந்தது. மேட்ச் முடிகிற நேரத்தில் குப்பை போடுவதற்கு ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் பை கொடுப்பார்கள். எங்கள் ஆட்கள் அதில் காற்றை ஊதிக் கட்டி, காதில் மாட்டித் தலையில் வைத்துக்கொள்வார்கள். குப்பையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸில் சாங்மான் இறங்கினான். முதல் இரண்டு பந்தும் கோட்டுக்கு வெளியே போயின, இனி மட்டையில் படாமல் ஒன்று தவறினால் அவுட். மூன்றாவது பந்து மேலே போய், வெயிலில் மறைந்து, வலது கேலரியைப் பார்த்து இறங்கியது. எல்லோரும் எழுந்தார்கள். கைகள் மோதின, பீர் கொட்டியது, தூஷிக் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே தலைகீழாக விழுந்தான். புன்ரே தலையில் இருந்த பையைப் பிடுங்கிக் கட்டை அவிழ்த்து விரித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பை கனத்தது. திறந்து பார்த்தால், உள்ளே பந்து.

விழுந்தவர்கள் எழுந்து நாற்காலிக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பார்க்கவில்லை. புன்ரே மெதுவாக உட்கார்ந்து, கோழி எலும்புகளை அள்ளிப் பந்தின் மேல் போட்டாள்.

"பந்து எங்கக்கா போச்சு?"

"எனக்கென்னடா தெரியும்? கீழ பாரு."

அப்போது இரண்டு வரிசை கீழே ஓர் இளைஞன் எழுந்தான். கையில் வெள்ளையாக, உருண்டையாக ஒன்று.

"இந்தா, இவன்ட்ட இருக்கு!"

மைதானம் கொதித்தது. "புள்ளைக்குக் குடு! புள்ளைக்குக் குடு!"

"முட்டைங்க! அவிச்ச முட்டைங்க!" என்றான் அவன். யார் காதில் விழும்? தூக்கிக் காட்டினான். கத்தல் இரட்டிப்பாயிற்று. கடித்துக் காட்டினான். "ஐயோ, பந்தத் திங்கிறான்!" என்று மேல்வரிசையில் ஒருவர் அலறினார்.

ஜோங்குகூட முழித்துக்கொண்டு கத்தினான். பிறகு மனைவியைப் பார்த்தான். "நீ ஏன் கத்தாம இருக்க? உடம்புக்கு முடியலயா?"

புன்ரே பையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். பந்து தொடையில் உருண்டையாக அழுத்தியது. கடையில் அதை எங்கே வைப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டாள். ஆனால் அந்தப் பையன் மஞ்சள் கரு ஒட்டிய வாயோடு நாலாபுறமும் கும்பிட்டுக்கொண்டிருந்தான். பார்க்கப் பார்க்க அவளுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. முப்பது வருஷத்தில் எத்தனையோ பேரை விரட்டியிருக்கிறாள், தப்புச் செய்யாதவனை விரட்டியதில்லை. நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

"நிறுத்துங்க! பந்து என்கிட்ட இருக்கு!"

எலும்புகள் உதிர, பந்தைத் தூக்கிப் பிடித்தாள். கத்தியவர்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பினார்கள். பிறகு எங்கோ இடது கேலரியிலிருந்து, மே மாதத்திலிருந்து காத்துக்கொண்டிருந்த ஓர் ஆண் குரல் ஆனந்தமாகக் கிளம்பியது. "புள்ளைக்குக் குடு!"

பக்கத்தில் இருந்த குழந்தைக்கு ஆறு வயது இருக்கும். சியோல் சட்டை போட்டிருந்தது.

"வேற புள்ளையே இல்லயாடா?"

"அதுவும் புள்ளதான்க்கா" என்றான் தூஷிக்.

புன்ரே போய்க் குனிந்தாள். "இத யாரு அடிச்சதுன்னு தெரியுமா கண்ணு?"

"தெரியாது பாட்டி."

பாட்டியாம்! அதையும் விழுங்கிக்கொண்டு பந்தைக் கொடுத்தாள். மைதானம் கைதட்டியது. குழந்தை அவள் முகத்தையே பார்த்தது. "அழாதீங்க பாட்டி. நீங்களே வச்சுக்கோங்க" என்று திருப்பிக் கொடுத்தது.

பந்து அவள் கைக்கு வந்ததோ இல்லையோ, "புள்ளைக்குக் குடு!" கொடுத்தாள். நல்ல மனசுக்காரக் குழந்தை, மறுபடி திருப்பிக் கொடுத்தது. "புள்ளைக்குக் குடு!" சாங்மான் மட்டையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தான். நடுவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"பாப்பா, நீ இத வாங்கலன்னா என்னைய உசுரோட வீட்டுக்கு விட மாட்டாங்க" என்று கெஞ்சி, குழந்தையின் முதுகுப் பைக்குள் பந்தைத் திணித்தாள். ஜிப் மாட்டிக்கொண்டது. குனிந்து இழுத்தாள். வரவில்லை. பல்லைக் கடித்து இழுத்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் மைதானம் முழுதும் "ஆ…" என்று அடங்கியது.

திரும்பினாள். சாங்மான் ஹெல்மெட்டைக் கழற்றிக் குனிந்து வணங்கிக்கொண்டிருந்தான்.

"என்னய்யா ஆச்சு?"

"சுத்தினான்" என்றான் ஜோங்கு. "பந்து பின்னால நிக்கிறவன் கைக்குப் போயிருச்சு. அவுட்டாம்."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் உடைந்துவிட்டாள். "இருபது வருஷம் பாத்தேன்யா. கடைசி அடிய மட்டும் பாக்கலயே." சுற்றி இருந்தவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஜோங்குவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "திரும்பச் சொல்லு. எப்படிச் சுத்தினான்?" என்றாள்.

"பலமா."

"மட்டையில படவே இல்லயா?"

ஜோங்கு அவளைப் பார்த்தான். "லேசா… உரசின மாதிரி இருந்துச்சு."

பஸ் கிளம்பியது.

"சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு."

"அப்புறம்?"

"பந்து மேல போச்சு. சியோல் பயலுக எல்லாம் பின்னால பாத்து ஓடுறானுக."

அவள் அதில் ஒரு வார்த்தையையும் நம்பவில்லை. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டாள். "சுவத்துக்கிட்ட போயிருச்சா?"

"சுவத்துக்கு மேல போகுது."

அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. கதவு திறந்தது. ஜோங்கு எழுந்தான். புன்ரே அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இருய்யா. பந்து இன்னும் கீழ எறங்கல."