தேக்கு என்று எழுதிவிட்டேன்

சண்டை உக்கிரமாக நடந்த காலம். கொழும்பில் ஆமிக்காரர் வீடு வீடாகச் சோதிக்கும் சுற்றிவளைப்பு நடக்காத வாரமே இல்லை. நான் வெள்ளவத்தையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தபடி, பழைய கட்டடங்களைத் திருத்தும் கம்பனி ஒன்றில் வேலை செய்தேன். எந்தக் கட்டடத்தில் என்ன மரம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை.

அன்று காலை பத்து மணியிருக்கும். கொட்டாஞ்சேனையில் ஒல்லாந்தர் காலத்து வீடு ஒன்றின் கூரைக்குள் ஏறியிருந்தேன். குனிந்தபடிதான் நகரலாம். ஒவ்வொரு உத்தரத்திலும் உளியால் நகமளவு சீவி, சின்னப் பையில் போட்டு இலக்கமிட்டு, வரைபடத்தில் அந்த இடத்துக்கு ஒரு புள்ளடிக் குறி போடவேண்டும். பிறகு வெட்டுமுகத்தை லென்சால் பார்த்து மரத்தின் பெயரை எழுதவேண்டும். புழுக்கமென்றால் அப்படியொரு புழுக்கம். பழைய அறிக்கையில் கூரை முழுக்கத் தேக்கு என்றிருந்தது. முதல் நாலைப் பார்த்தேன், தேக்குத்தான். மிச்சத்தைச் சீவிச் சீவிப் பையில் போட்டேனே தவிர, பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் தேக்கு என்று கொப்பியில் எழுதிக்கொண்டே போனேன்.

திடீரென்று கீழே சப்பாத்துச் சத்தம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா சிங்களத்தில் யாருக்கோ பதில் சொல்வது கேட்டது. வீட்டில் தன்னைத் தவிர ஒருவரும் இல்லை என்றார். என் அடையாள அட்டையில் இருப்பது யாழ்ப்பாண விலாசம் என்று அவருக்குத் தெரியும். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் நான் ஏறிய ஏணி அங்கேயே நிற்கிறதே!

ஏணி அசைந்தது. ஒளிந்திருந்து பிடிபட்டால் என் கதை முடிந்தது. “சேர், சுடாதீங்க! நான் இங்கே வேலை செய்கிறேன், இறங்கி வாறேன்” என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தினேன். கையைத் தூக்கச் சொன்னார்கள். கையைத் தூக்கிக்கொண்டு ஏணியில் எப்படி இறங்குவது? ஒரு கையால் பிடித்து, மறு கையை உயர்த்தி, விழுந்து எழும்பி இறங்கினேன்.

மூன்று ஆமிக்காரர். சார்ஜன்ட் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, பையை மேசையில் கொட்டினார். உளி, பிளேட், லென்ஸ், இலக்கமிட்ட பைகள், புள்ளடி போட்ட வரைபடம். என் கண்ணுக்கே அது வேறு மாதிரித்தான் தெரிந்தது.

“இந்தப் புள்ளடியெல்லாம் என்ன? எதை வைக்கப் போகிறாய், குண்டா?”

மரம் பார்க்கிறேன் என்றேன். அவர் கொப்பியைப் பார்த்தார். ஒரு பையைத் திறந்து, மரச்சீவலை முறித்து முகர்ந்தார். முகம் மாறியது.

“என் அப்பா தச்சன். இது ஹல்மில்ல மரம், தேக்கு இல்லை. நீ தேக்கு என்று எழுதியிருக்கிறாய். மரம் பார்க்க வந்தவனுக்குத் தேக்குத் தெரியாதா?”

“ஐயோ தம்பி, ஏதாவது சொல்லுங்கோ” என்று அக்கா அழத் தொடங்கிவிட்டார். வெளியே ஜீப் நின்றது.

லென்சைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துத் தந்தார். சீவலின் வெட்டுமுகத்தைப் பிளேட்டால் சீராக்கி லென்சில் பார்த்தேன். தேக்கில் பெரிய துவாரங்கள் வளையத்தோடு வரிசையாக நிற்கும். இதில் சின்னச் சின்னதாகப் பரவிக் கிடந்தன.

“நீங்கள் சொல்வதுதான் சரி சேர். பழைய அறிக்கையை நம்பிப் பார்க்காமல் எழுதிவிட்டேன்” என்றேன். பார்த்த முதல் நாலில் ஒன்றையும் எடுத்து அருகில் வைத்தேன். லென்சை வாங்கி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரம் முழுக்க மற்ற ஆமிக்காரன் ஒருவனின் துவக்கு என் முதுகைக் குறிபார்த்தபடி நின்றது.

கடைசியில் அட்டையைத் திருப்பித் தந்தார். “நீ மரம் தெரிந்தவன்தான். போய் ஒழுங்காகப் பார்” என்றார். பிறகு அக்காவிடம், “பொய் சொல்லாதே அம்மா. துவக்கு வைத்திருக்கிறவனுக்கும் பயம் இருக்கு” என்றுவிட்டுப் போனார்.

ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு மறுபடி ஏறினேன். மிச்சத்தில் ஐந்து உத்தரங்கள் ஹல்மில்ல.

அட்டையில் உள்ள விலாசத்தை மட்டும் பார்த்து என்னை இன்னாரென்று முடிவு கட்டிவிடுவார்களோ என்று நடுங்கிய அதே காலையில், நானும் ஒரு காகிதத்தை நம்பி, பார்க்காத மரத்துக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன் என்பது இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என்னை உறுத்துகிறது.