சுவருக்கும் வீட்டுக்கும் நடுவில் தெரிந்த வானம்

கேமரா வாங்கப் போனபோது ஸ்டுடியோக்காரர் என் முன்னால் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று புதுசு. பொத்தானை அமுக்கினால் லென்ஸ் தானே நீளும், தானே ஃபோகஸ் செய்துகொள்ளும், இருட்டென்றால் தானே பிளாஷ் அடிக்கும். இன்னொன்று யாரோ கொடுத்துவிட்டுப் போன பழசு. கையில் எடுத்தால் படிக்கல் மாதிரி கனத்தது. எல்லாவற்றையும் நாமேதான் திருகி வைக்க வேண்டும். கூட ஒரே ஒரு ஐம்பது எம்.எம். லென்ஸ்.

"ஜூம் இருக்கறதே எடுத்துக்கங்க. விசேஷத்துக்கெல்லாம் அதுதான் ஈஸிங்க" என்றார்.

"இது எப்படிங்க?"

"இது நிதானமா எடுக்கறவங்களுக்குங்க. கிட்டத்துல வேணும்னா நீங்கதான் நடந்து போகோணும்."

நான் பழசையே வாங்கினேன். தொண்ணூறுகளின் கடைசி அது. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியின் டிசைன் செக்ஷனில் எனக்கு வேலை. சட்டையின் நெஞ்சில் அச்சடிக்கிற படங்களைக் கம்ப்யூட்டரில் வைத்துக் கலர் கலராகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். நாள் முழுக்க இன்னொருவர் வரைந்ததைப் பார்த்துக்கொண்டிருந்ததால், நானே எதையாவது பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்திருக்கலாம். ஆபீசில் சிரித்தார்கள். அங்கே அப்போதே ஒரு டிஜிட்டல் கேமரா வந்துவிட்டது. படம் நேராக ஃபிளாப்பியில் விழும், அடுத்த நிமிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்பிவிடலாம். "இன்னும் ரோல் மாட்டிட்டுத் திரியறீங்களே" என்று பக்கத்து சீட்காரர் கேலி செய்வார்.

செக்கிங் செக்ஷனில் எனக்கு ஒரு தோழி இருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. அவளும் தையல் வேலை செய்யும் அவள் புருஷனும் மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார்கள். குழந்தை பிறந்து கழுத்து நின்றதும் என்னிடம் வந்தாள்.

"அக்கா, மாசம் ஒரு படம் எடுத்துத் தாங்கக்கா. அம்மைக்கு அனுப்பணும். அவ பிள்ளைய இன்னும் பாக்கல்ல."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு அவர்கள் திரும்பும் நேரத்துக்கு நான் போவேன். வரிசையாக ஒரே கூரையின் கீழ் அறைகள். அவளுடையது கடைசி அறை. அதற்கப்புறம் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற சந்து, சந்தைத் தாண்டி ஒரு சாயப்பட்டறையின் பின்சுவர். கூரையைவிட உயரமான சுவர். அந்தப் பக்கம் அடுப்புச் சாம்பலையும் கழிவுச் சேற்றையும் சுவரோடு சேர்த்துக் கொட்டிவைத்திருந்தார்கள். சித்திரை வெயிலிலும் சுவரின் இந்தப் பக்கம் ஈரமாகவே இருக்கும். ஒரு மாதம் போனால் ஈரம் ஊதாவாக இருக்கும், அடுத்த மாதம் அரக்கு நிறத்தில். அந்த மாதம் உள்ளே என்ன கலர் ஓடுகிறது என்று சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று தோழி சிரிப்பாள்.

பிள்ளை வளர்வது தெரிய வேண்டுமென்றால் எல்லாப் படமும் ஒரே இடத்திலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். என்னிடம் ஸ்டாண்டு கிடையாது. வாசலுக்கு எதிரே சிமெண்டுத் தண்ணீர்த்தொட்டி ஒன்று இருந்தது. அதன் மூலையில் கேமராவை வைத்து, கரியால் கோடு போட்டுக்கொண்டேன். இடப்பக்கம் வாசலில் பிள்ளையை மடியில் வைத்தபடி அவள். வலப்பக்கம் வீட்டுச் சுவர், சந்து, சாயப்பட்டறைச் சுவர். இரண்டு சுவருக்கும் நடுவில் ஒரு கீற்று வானம்.

மதிய இடைவேளையில் மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு பிரிண்டுகளை ஆபீஸ் ஸ்கேனரில் போடுவேன். துணி மாதிரிகளை ஸ்கேன் செய்யத்தான் அது. பக்கத்து சீட்காரர், "ஜேபெக்ல போடுங்க, ஃபிளாப்பிக்குள்ள அடங்கும். டிஃப்ல போட்டா டிஸ்க்கவே தின்னுரும்" என்பார். அவர் சொன்னது நிஜம்தான். ஆனால் ஜேபெக்கை ரொம்பச் சுருக்கினால் பெரிதாக்கிப் பார்க்கும்போது ரிப் துணியின் கோடுகள் உடைந்து கட்டம் கட்டமாகிவிடுவதை நான் வேலையில் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் தலைமுடி அப்படி ஆவதில் எனக்கு இஷ்டமில்லை. டிஃப்பிலேயே வைத்து, டிஸ்க் நிறைந்தால் ஒரு டி.டி.பி. சென்டரில் சி.டி. எழுதி வாங்கிக்கொண்டேன்.

பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்குள் எல்லாப் படங்களையும் ஒரே தாளில் சேர்த்துக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, கதவு நிலையை வைத்துப் பொருத்தினேன். நிலை நிலையோடு ஒட்டியது. படி படியோடு ஒட்டியது. பிறகு மேலிருக்கும் படத்தை ஒவ்வொன்றாக மறைத்து மறைத்துக் காட்டிப் பார்த்தேன். பிள்ளை படுத்திருந்தது, உட்கார்ந்தது, நின்றது. எனக்குச் சிரிப்பாக இருந்தது. மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். அப்போதுதான் கண் வலப்பக்கம் போனது.

வானக் கீற்று மெலிந்துகொண்டே வந்தது. கீழே அப்படியேதான் இருந்தது. மேலே மட்டும் சாயப்பட்டறைச் சுவர் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. மாதா மாதம் கொஞ்சம். யாரோ குனிந்து பார்க்க வருவது போல.

என் கேமராவில் கோளாறோ என்று சாயங்காலமே ஸ்டுடியோவுக்கு ஓடினேன். அவர் பிரிண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"லென்ஸ் கோணலா இருந்தா எல்லாப் படத்துலயும் ஒரே மாதிரிக் கோணும்ங்க. இது ஒண்ணுக்கொண்ணு மாறுது" என்றார். கடைசிப் பிரிண்டைக் கையில் எடுத்து, "அங்க ஆளுக இருக்கறாங்களா?" என்று கேட்டார்.

லைன் வீடுகளின் உரிமையாளர் அதே தெருவில் சிறிதாக ஒரு தையல் யூனிட் வைத்திருந்தார். வயதானவர், மரியாதையாகப் பேசுகிறவர். அவர் ஆபீசிலும் கம்ப்யூட்டர் இருந்தது. எல்லாப் படங்களும் ஒரு ஃபிளாப்பியில் அடங்க வேண்டுமே என்று ஜேபெக்காகச் சுருக்கி எடுத்துப்போய்ப் போட்டுக்காட்டினேன்.

"பாப்பா நல்லா இருக்குதுங்க" என்றார்.

"அந்தச் செவுத்தோரம் பாருங்க. மேல."

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "எனக்குக் கட்டம் கட்டமாத்தான் தெரியுதுங்க அம்மிணி."

அவர் சொன்னது பொய்யில்லை. சுருக்கியதில் சுவரின் விளிம்பும் வானமும் ஒன்றோடொன்று கலங்கிப்போயிருந்தன. நான் திரும்பி வந்து நெகட்டிவைக் கொடுத்துப் பெரிய பிரிண்டுகளாகப் போட்டு வாங்கிக்கொண்டு மறுபடி போனேன். மேசையில் பரப்பினேன். இந்த முறை அவர் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மாறி மாறி எடுத்துப் பார்த்தார்.

"செவுரு நம்முளுது இல்லீங்க. சாயப்பட்டறைக்காரரோடது."

"அவருகிட்டச் சொல்லுங்க."

"என் துணியெல்லாம் அங்கதானுங்க சாயத்துக்குப் போகுது" என்றார். படங்களை அடுக்கி என்னிடம் நீட்டினார். "இனி அங்க போட்டோ புடிக்க வேண்டாமுங்க அம்மிணி. சனங்க பயந்துக்கும்."

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு பயமாக இருந்தது.

நான் நேராகச் சாயப்பட்டறைக்கும் போனேன். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. முதலாளி ஊரில் இல்லை என்றார். அப்புறம் போனபோதும் அதையேதான் சொன்னார்.

தோழியிடம் காட்டியபோது, "சுவர் எப்படிக்கா நடக்கும்?" என்றாள் முதலில். அவள் புருஷன் படங்களை வாங்கிப் பார்த்தார். பிறகு வெளியே போய்ச் சந்துக்குள் நின்று வெகுநேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதக் கடைசியிலேயே வேலம்பாளையத்துக்கு வீடு மாறிவிட்டார்கள். மற்ற அறைகளிலும் சொல்லிப் பார்த்தோம். சுவர் பல வருஷமாக அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். ஒரு வீட்டில் மட்டும் கட்டிலை மறுபக்கம் நகர்த்திப் போட்டார்கள்.

கடைசி அறை காலியாகவே கிடக்கும் என்று நான் நம்பினேன். சீக்கிரமே அங்கே புதிதாக ஒரு ஜோடி வந்துவிட்டது. திண்டுக்கல் பக்கமிருந்து வந்தவர்கள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. அவன் நிட்டிங் மெஷினில் ராத்திரி ஷிப்டு. பகலில் தூங்குவான்.

ஐப்பசியில் ஒரு நாள் கேமராவோடு போனேன். தொட்டி மூலையில் கரிக்கோடு இன்னும் இருந்தது. வைத்துப் பார்த்தால், ஸ்கேனும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம், வெறும் கண்ணுக்கே தெரிந்தது. மேலே வானம் கத்தியை நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது. சுவரின் தலையில் ஃபோகஸ் வைத்து ஒரு படம் எடுத்தேன்.

அந்தப் பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த பழைய படங்களைக் காட்டிச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் பயம் வந்தது, ஆனால் என்னிடம் சொன்னது வேறு.

"ஓனரய்யா பூசித் தர்றேன்னு சொல்லிருக்காருக்கா. மழை முடியட்டும்னாரு."

"பூசினா நிக்காதுங்க. வேற வீடு பாருங்க."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். இவருக்கு மில்லு பக்கத்துல வேணும்ல."

நான் பேச்சை நீட்டுவதற்குள் தண்ணீர் லாரி வந்துவிட்டது. குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஆபீஸ் ஜன்னலில் தண்ணீர் வழியும்போதெல்லாம் எனக்கு வேலையில் கை ஓடவில்லை. தோழி சாப்பாட்டு நேரத்தில் வந்து பக்கத்தில் உட்காருவாள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசமாட்டோம். வேறு எதைப் பேசினாலும் பாதியில் நின்றுவிடும்.

ஒரு மத்தியானம், மழை விட்டு வெயில்கூட அடித்துக்கொண்டிருந்தபோது, செக்கிங்கில் ஒருத்தி வந்து தோழியிடம் ஏதோ சொன்னாள். தோழி கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு என் செக்ஷன் வாசலில் வந்து நின்றாள். நான் எழுந்துவிட்டேன்.

நாங்கள் போனபோது கடைசி அறை இருந்த இடத்தில் செங்கல்லும் கறுப்புச் சேறும் கலந்து கிடந்தது. சேறு இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் லாரியில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்ததால் பிழைத்தாள். அவன் தூக்கத்தில் இருந்தான். வெளியே எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது உயிர் இருந்ததாகச் சொன்னார்கள். மறுநாள் இல்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி என் சி.டி.யைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல இருக்கறத எப்படி வேணாலும் மாத்தலாமுங்க. பிலிம் இருக்குதா?" என்றார். இருந்தது. நெகட்டிவ் கீற்றுகளை உறையோடு கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். லைன் உரிமையாளர் அங்கேதான் நின்றிருந்தார். எனக்கு வணக்கம் சொன்னார். அவர் கண்கள் சிவந்திருந்தன, ஆனால் படங்களை முன்பே பார்த்ததாக அவர் சொல்லவில்லை. நான் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். கடைசியில் எல்லாம் பெரியவர்கள் கூடிப் பேசி முடித்ததாகத் தகவல் வந்தது. சாயப்பட்டறைக்காரர் அந்தப் பெண்ணுக்கு ஏதோ பணம் கொடுத்தார். புதுச் சுவர் அதே இடத்தில், இன்னும் உயரமாக எழும்பியது.

ஊருக்குப் போவதற்கு முன்னால் அந்தப் பெண் கம்பெனி வாசலில் வந்து எனக்காகக் காத்திருந்தாள். அவனுடைய கல்யாணப் படங்களெல்லாம் பெட்டியோடு சேற்றில் போய்விட்டன. "அன்னைக்கு எடுத்தீங்கல்ல, அதுல அவரு இருக்காரான்னு பாருங்கக்கா" என்றாள்.

நான் பார்த்திருந்தேன். இருந்தான். தொட்டியடியில் நான் நடமாடிய சத்தத்தில் விழித்து வாசலுக்கு வந்திருக்க வேண்டும். கதவைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டியபடி. நான் ஃபோகஸ் வைத்தது சுவரின் மேல். ஒவ்வொரு செங்கல்லையும் எண்ணலாம் போலத் தெளிவாக இருந்தது. அவன் முகம் மட்டும் தண்ணீருக்குள் இருப்பது மாதிரி.

அவளை உள்ளே கூட்டிப்போய் என் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தேன். அந்த மெஷின் தாங்கும் அளவுக்குப் பெரிதாக ஸ்கேன் செய்தேன். முகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கினேன். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். ஃபிலிமில் விழாததை எந்த ஃபார்மட்டிலும் கொண்டுவர முடியாது.

"இன்னுங்கொஞ்சம் தெளிவா வராதாக்கா?"

"வராதும்மா."

அவள் திரைக்கு மிக அருகில் குனிந்து பார்த்தாள். பிறகு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்த்தாள்.

"தூக்கத்துல எந்திரிச்சா இப்படித்தான் நிப்பாரு" என்றாள்.

அதைப் பிரிண்ட் எடுத்து, ஈரம் படாமல் ஒரு பாலித்தீன் கவரில் போட்டுக் கொடுத்தேன். சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள். தோழி அவளை பஸ் ஏற்றிவிடக் கூடவே போனாள்.