ஹைவேக்குப் போன கஸ்பரின் காம்பரா

கொழும்பு நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போகிறது. அதற்கு ஈடுகொடுக்க, கடவத்தைப் பக்கம் வீடுகளுக்கு மேலாக ஒரு பெரும் ஹைவே எழும்பிக்கொண்டிருக்கிறது. அதன் தூண்களுக்குக் கம்பி கட்டுகிறவர்களில் ஒருவர் கஸ்பர். மலைநாட்டில் றொசல்லவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த கை, கம்பி முறுக்கவும் சீக்கிரமே பழகிக்கொண்டது. மகள் ஷெரோமி கம்பஸில் டிகிரி முடித்தது அந்தச் சம்பளத்தில்தான்.

லயம் என்கிற வரிசை வீட்டில் அவர்கள் இருக்கும் காம்பரா, அந்த ஒற்றை அறை, தோட்டத்துக்குச் சொந்தம். அதில் குடியிருக்க வேண்டுமென்றால், வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்ய வேண்டும். கஸ்பரின் வீட்டில் அந்தப் பேர் மனைவி அந்தோனியம்மாவுடையது. அந்தத் தைரியத்தில்தான் அவர் ஹைவேக்குப் போனார். போன மாத மழையில் அந்தோனியம்மா மலையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. இனிமேல் கொழுந்துக் கூடை சுமக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு வந்து சுகம் விசாரித்தார். எழும்பும்போதுதான் விஷயத்தைச் சொன்னார். "மாசம் முடியிறதுக்குள்ள யாராச்சும் பேர் பதிஞ்சிருங்க. இல்லாட்டி காம்பராவ வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லுவாங்க."

கஸ்பர் லீவு போட்டுவிட்டு வந்தார்.

"நானே பதிஞ்சிர்றேன்."

"அப்பறம்?" என்றார் அந்தோனியம்மா, படுத்தபடியே. "தோட்டத்துச் சம்பளத்துல சோறு திங்கிறதா, எனக்கு மருந்து வாங்குறதா?"

"நான் இருக்கேன்லப்பா," என்றாள் ஷெரோமி.

"நீ சும்மா இரு. டிகிரிய வச்சுக்கிட்டுக் கூடை தூக்குவியா?" என்றார் கஸ்பர்.

"வேலை கெடைக்கிற வரைக்குந்தான்."

"கல்யாணமான புதுசுல ஒங்கம்மாவும் அப்பிடித்தான் சொன்னா. கொஞ்ச நாளைக்குத்தான்னு."

அந்தோனியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. இடுப்பு வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

காலையில் கஸ்பர் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டுக் களத்துக்குப் போனார். பக்கத்து லயத்து லெட்சுமி பார்த்துவிட்டாள்.

"என்ன கஸ்பரண்ணே, ஹைவே நம்ம தோட்டத்துக்கே வந்திருச்சா?"

பெண்கள் சிரித்தார்கள். கண்டாக்கு நிமிர்ந்து பார்த்தார்.

"ஒங்க வீட்டுப் பேர் பதிஞ்சாச்சே. மக வந்து குடுத்துட்டு அப்பவே மேல போயிருச்சு."

"அத வெட்டிட்டு என் பேரப் போடுங்கய்யா."

"பொண்ணு வந்து சொல்லட்டும், வெட்டுறேன்."

கஸ்பர் மலையேறினார். உடுப்பு நனையாமலிருக்க அம்மாவின் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு ஷெரோமி தேயிலை நிரையில் நின்றாள். கூடைக் கயிறு நெற்றியிலிருந்து வழுகிக்கொண்டேயிருந்தது. இவள் இந்த மலையில் நிற்கக் கூடாது என்றுதானே ஊர்விட்டு ஊர் போய்க் கம்பி கட்டினோம்? அப்படியென்றால் அத்தனை தூண்களும் யாருக்காக?

"எறங்கு," என்றார்.

"கொழும்பு பஸ் போயிரும்பா."

"எறங்குன்னு சொல்றேன்ல."

அவள் கொழுந்திலிருந்து கையை எடுக்கவில்லை. "நீங்க இங்க வந்துட்டா நாம மூணு பேரும் இந்த மலையிலதான் கெடக்கணும். இப்ப நான் மட்டுந்தானே நிக்கிறேன்."

கஸ்பர் அவள் கிட்டே போனார். கூடைக் கயிற்றைச் சரியாக இழுத்துவிட்டு, இறங்கி நடந்தார்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஹைவேயிலிருந்து போர்மன் போனில் கூப்பிட்டார். வீட்டுப் பிரச்சினை சரியாகிவிட்டதா என்று சிங்களத்தில் கேட்டார். காம்பரா போகவில்லை என்று சொல்லலாம். சரியாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது? கஸ்பர், வந்துகொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.