‘இல்லை’ என்று சொல்வதற்கான தகுதி

என் மனைவி இதயத் துடிப்பு தாறுமாறாகித் தூக்கத்திலேயே இறந்துபோனாள். காரணம் ஒரு மரபணுக் குறை. அது மகளுக்கும் இருக்கிறதா என்று உறுதியாகும்வரை அவள் ஓடக்கூடாது, வேகமாகப் படியேறக்கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. புழக்கத்திலிருந்த பரிசோதனை, மகளுக்குக் குறை இல்லை என்றது. ஆனால் இறந்த தாய்க்கும் அது அப்படியே சொல்லியிருந்தது. குறை ஒளிந்திருந்த பகுதி, மரபணுத் தொகுதியின் வேறிடங்களிலும் அச்சு அசலாகக் காணப்படுவது. எந்திரம் குழம்பி அதைத் தாண்டிப் போயிருந்தது. மெனக்கெட்டு வேறு வழியில் தேடியபோதுதான் அகப்பட்டது. ஆனால் அது ஆய்வுக்கான வழி; அதை மட்டும் நம்பி மகளை ஓடவிட மருத்துவர் ஒப்பவில்லை.

அடையாற்றில் எங்கள் ஆய்வகம் உருவாக்கிய புதிய பரிசோதனையைச் சரிபார்க்கும் கட்டம் வந்தது. விடை தெரிந்த இரத்த மாதிரிகளைப் பெயரை நீக்கி, எண்ணிட்டுக் கலந்துவைப்பது முறை. சேமிப்பிலிருந்த என் மனைவியின் மாதிரியும் அவற்றில் ஒன்று. எண்ணிட்ட மூத்த மருத்துவருக்கு மட்டுமே எது எவருடையது என்று தெரியும். நான் சம்பந்தப்பட்டவன் என்பதால் வெளியே நிறுத்தப்பட்டேன். வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு கைகள் மூன்று முறை சோதித்தன.

கடைசி நாளன்று, சோதித்தவர்களில் ஒருவரான நொச்சிக்குப்பத்துப் பெண் கையுறையைக் கழற்றாமலே வெளியே வந்தார்.

“சார், பதினாலாவதுல கீது. மூணு தபாவும் கீது. மத்தது எதுலயும் காட்டல.”

பின்னால் வந்த மூத்த மருத்துவர் முகக்கவசத்துக்குள் சிரித்தார். “அது உங்காத்து மாமிதான். தி.நகர் கூட்டத்துல தொலைஞ்சுபோறவ, இங்க மூணு தரமும் மாட்டிண்டுட்டா.”

“இங்கே புடவைக் கடை இல்லையே, டாக்டர்,” என்றேன்.

அவ்வளவுதான். மூவரும் நடைவழிச் சுவரில் சாய்ந்து சிரித்தோம். அவளைக் கொன்ற குறை அகப்பட்டதற்காக நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அது சிரிப்பின் நீர் என்றே மற்ற இருவரும் எடுத்துக்கொண்டார்கள், நானும் மறுக்கவில்லை.

“இன்னா சார், காபி கூட இல்லியா?” என்றார் அந்தப் பெண். தளம் முழுவதற்கும் வாங்கினேன். மாடி மாறி வந்துவிட்ட கூரியர்காரரும் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, என்ன விசேஷம் என்று கேட்காமலே வாழ்த்திப் போனார்.

பரிசோதனைக்கு ஒப்புதல் கிடைத்த பிறகே மகளின் இரத்தம் போயிற்று. முடிவு: இல்லை. மயிலாப்பூர் வீட்டிலிருந்த அவளைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“போன தடவையும் இதைத்தானேப்பா சொன்னா?”

“அந்த டெஸ்டுக்கு இதை ‘இருக்கு’ன்னு சொல்லவே தெரியாதும்மா. இதுக்குத் தெரியும். அம்மாவோட ரத்தத்துல ‘இருக்கு’ன்னு சொல்லிக் காட்டிடுத்து. அதனால இது ‘இல்லை’ன்னா நம்பலாம்.”



“அப்போ ஓடலாமா?”

“ஓடலாம்.”

தொலைபேசியை அவள் வைக்கவில்லை. கதவு திறந்தது. தடதடவென்று மூன்று மாடிகளும் என் காதில் ஏறின.

“அப்பா,” என்றாள் மொட்டைமாடியிலிருந்து, “மூச்சு வாங்கறது.”

“நன்னா வாங்கட்டும்,” என்றேன்.