இடுப்பளவு மணல்

பூங்கா வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மடியிலிருந்த மகனைக் காட்டிக் கேட்டார்: “உங்கடை பிள்ளை எத்தினை மாசத்திலை நடந்தவ? இவன் இன்னும் நடக்கேல்லை. என்ன செய்யலாம்?”

எதிரே மணல்தொட்டியில் என் மகள் விளையாடிக்கொண்டிருந்தாள். ஈரமணல் வாசம் மூக்கில் ஏறியது.

வல்வெட்டித்துறைக் கடற்கரையில் அந்த நாளில் கருவாடு காயப்போடும் பெண்களிடம் அம்மா கேட்டதும் இதே கேள்விதான். தம்பிக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது.

“கிடங்கு கிண்டி இடுப்பளவு மணலுக்கை நிப்பாட்டு. கால் உரமேறும்,” என்றார் பூமணி மாமி. “அழுதாலும் தூக்காதை,” என்றார்கள் மற்றவர்கள். அம்மா எல்லோர் சொல்லையும் கேட்டு, தினமும் தம்பியை அப்படியே மணலில் புதைத்து நிறுத்தினார்.

ஏழு வயதில் நான்தான் காவல். தம்பி இரண்டு கைகளையும் என்னை நோக்கி நீட்டி அழுவான். ஒருநாள் தாங்கமுடியாமல், பக்கத்திலேயே குழி தோண்டி நானும் இறங்கி மணலை இழுத்து மூடிக்கொண்டேன். அவன் அழுகையை விட்டுச் சிரித்தான். பிறகு காலை இழுத்தேன். வரவில்லை. ஈரமணல் தொடைவரை கவ்விப் பிடித்திருந்தது. கத்தினேன். பெண்கள் ஓடிவந்து என்னை மட்டும் இழுத்தெடுத்தார்கள்.

“உனக்கென்னடி, நீ நடக்கிற பிள்ளைதானே!” என்றார் பூமணி மாமி.

தம்பி மணலுக்குள் நின்றபடி என்னையே பார்த்தான். அவன் கடைசிவரை நடக்கவில்லை.

“டொக்டரிட்டைக் காட்டுங்கோ,” என்றேன் அந்தப் பெண்ணிடம். “அழுதால் தூக்குங்கோ.”

“அம்மா, உங்கடை காலையும் வையுங்கோ!” முழங்கால்வரை மணலை மூடிக்கொண்டு மகள் கூப்பிட்டாள்.

என் கால்கள் தாமாகவே வாங்கின்மேல் ஏறிவிட்டன.