இலையைத் திருப்பிப் பார்க்காதவள்

1. சித்திரையில், ஹாலிஎலவுக்கு மேலே ஆளில்லாமல் கிடந்த எங்கள் பழைய தேயிலைத் தோட்ட லயத்துக்குப் போனேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டு வீடுகள். எங்கள் வாசலில் பூவில்லாத ஒரு செடி நின்றது.
2. மழை. அவசரமாக ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து, அம்மாவின் செவ்வந்திதான் என்று முடிவு செய்தேன்.
3. வேர்மண்ணோடு தோண்டிப் பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, அம்மாவின் புது வீட்டு வாசலில் நட்டேன்.
4. அடுத்த வாரம் லயத்தை இடித்து மட்டமாக்கினார்கள்.
5. இன்று காலை செடி பூத்தது. அது செவ்வந்தி இல்லை.

பூ என்று சொல்லவே கூசும் பழுப்பு மணிகள். மாசிபத்திரி. தேயிலைத் தூர்களுக்கிடையில் மண்டும் களை. சூரியகாந்திக் குடும்பத்தில் செவ்வந்திக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். இலையின் வெட்டும் வாசனையும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டையும் பிரித்தறிவேன் என்று விவசாயக் கல்லூரி எனக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறது. அது சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் பத்திரமாக இருக்கிறது.

விரலில் ஒட்டிய அந்தக் கசப்பு வாசனை, களை சுரண்டிவிட்டு வரும் அம்மாவின் கை வாசனை. பள்ளி விடுமுறையில் மலைக்குத் தேத்தண்ணி கொண்டுபோவேன். சந்தேகமான செடியைக் கண்டால் அம்மா சுரண்டியின் முனையால் ஒரு இலையைப் புரட்டுவாள். அடிப்பக்கம் சாம்பல் பூசியதுபோல் வெளுத்திருந்தால் மாசிபத்திரி, வேரோடு போகும். இதற்கென்று அவள் நின்றதே இல்லை, நடையோடு நடை.

ஒருமுறை கங்காணியோடு லயத்தைச் சுற்றித் துப்புரவு செய்ய வந்தவர்கள் எங்கள் வாசல் செவ்வந்தியையும் களையென்று சுரண்டிவிட்டார்கள். கல்யாணமாகி வந்தபோது பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அம்மா கொண்டுவந்த செடி. மத்தியானம் வந்தவள் இடுப்புச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை.

"என்னா கங்காணி, கண்ணு அவிஞ்சா போச்சு? அது என் செவ்வந்தி!"

"எல்லாம் ஒரே எலைதான பாக்கியம். கோவிச்சுக்காத."

"அப்ப ஒங்க மீசையும் பூன மீசையும் ஒன்னா?"

கங்காணியின் கை தானாக மீசைக்குப் போனது. எட்டு வீட்டு வாசலிலும் சிரிப்பு.

"அடில உசுரு இருக்கும்" என்று அம்மா அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினாள். துளிர்த்தது. அந்த மார்கழியில் எட்டு வீட்டுப் பெண்கள் தலையிலும் வெள்ளைச் செவ்வந்தி.

பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு மழையில் மலை சரியும் என்று சொல்லி, எங்களைப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு அனுப்பினார்கள். அடையாள அட்டையும் துணிமூட்டையும்தான் கையில். புது வீடு கிடைத்த பிறகும் அம்மா வேறெதையும் கேட்கவில்லை. "லயத்த இடிக்கப் போறாங்களாம். அந்தச் செடி இருக்கான்னு ஒருக்கா பாத்துட்டு வா புள்ள." அதைக் காப்பாற்ற ஒரு தடவைதான் வாய்ப்பிருந்தது. அந்த ஒரு தடவையில்தான் நான் அதன் தங்கையைத் தூக்கிவந்தேன்.

ஞாயிறுதோறும் பதுளையிலிருந்து எரு வாங்கிப் போனேன். உயரம் அளந்து குறித்தேன். ஒரு இலையைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. ஆசை வந்துவிட்டால் படிப்பு ஒதுங்கி நின்றுகொள்ளும் போலிருக்கிறது.

இன்று கேட்டேன். "ஒனக்கு எப்பம்மா தெரியும்?"

"நீ பையத் தொறந்தப்பவே."

"சொல்ல வேண்டியதுதான?"

"நீ படிச்ச புள்ள. நான்தான் தப்பா பாக்குறேனோன்னு இருந்துச்சி." கொஞ்ச நேரம் செடியைப் பார்த்தாள். "அப்பிடி இருந்தா நல்லாருக்குமேன்னும் இருந்துச்சி."

கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த சுரண்டியை எடுத்தேன். அம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"விடு. அதுவும் நம்ம வாசல் மண்ணோடதான வந்துச்சி."

லயம் இருந்த இடம் இப்போது வெறும் செம்மண் சரிவு. அந்த எட்டு வாசலும் இல்லை. வெள்ளைச் செவ்வந்தி இல்லை. அம்மாவின் வாசலில் ஒரு மாசிபத்திரி நிற்கிறது.